ஒற்றைத் தலைவலி: உங்களுக்குச் சரியான வைத்தியம் எப்படிக் கிடைச்சது?

திருப்பூர், பனியன் கம்பெனித் தொழிலாளி:

செக்கிங் செக்‌ஷன்ல வேலைங்க எனக்கு. டியூப்லைட்டுக்குக் கீழ நின்னு நாள் முழுக்க பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும். வலி வர்ற அன்னிக்கு வலது நெத்திப்பொட்டுல தெறிக்க ஆரம்பிச்சு, கண்ணுக்குப் பின்னால இழுக்கும். வெள்ளைத் துணியைப் பார்த்தாலே குமட்டும். பவர்டேபிள் தையல் மெஷின் சத்தம் மண்டைக்குள்ள இறங்கும். வாந்தி எடுத்துட்டு வீட்டுக்கு வந்து படுத்தா மறுநாளும் எந்திரிக்க முடியாது.

முதல்ல சைனஸ்னு ஆவி பிடிக்கச் சொன்னாங்க. அப்புறம் கண்ணாடி. கடைசியா ஸ்கேன். "எல்லாம் நார்மல்தாம்மா, டென்ஷன் ஆகாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நார்மல்னு தாள்ல வந்ததும், நான் வேலைக்கு மட்டம் போடத்தான் படுக்கறேன்னு வீட்ல பேச்சு. ஒற்றைத் தலைவலி ஸ்கேன்ல தெரியாது, நாம சொல்றதைக் கேட்டுத்தான் டாக்டர் கண்டுபிடிக்கணும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லல.

விடிவு கிடைச்சது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நரம்பியல் ஓபியிலதாங்க. ஓபிக்குப் போனா அன்னிக்கு ஷிப்ட் போச்சு, சம்பளம் போச்சு. ஆனா அங்க இருந்த டாக்டரம்மா வலியை மட்டும் கேட்டு நிறுத்தல. "மாசத்துல எத்தனை நாள் வலி மாத்திரை போடறீங்க?"ன்னு கேட்டாங்க. சாதாரண வலி மாத்திரையை மாசத்துக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ, பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல போட்டுட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்து விடுமாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டதும் எடுத்துக் கொடுக்கறாங்களே தவிர, இந்தக் கணக்கை எந்த அட்டையிலயும் பெருசா போடறதில்ல.

வலி வராம தடுக்க புரோப்ரனலால் எழுதப் போனாங்க. "வீசிங் இருக்கா?"ன்னு கேட்டாங்க, இருக்குன்னேன். வீசிங் இருக்கறவங்களுக்கு அது ஆகாதாம். உடனே பேனாவை நிறுத்திட்டு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ராத்திரிக்கு எழுதினாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே அவங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சென்னை, வங்கி ஊழியர்:

அக்கா, எனக்கு வலிக்கு முன்னாடி கண்ணுலதான் ஆரம்பிக்கும். பைக்ல போயிட்டிருக்கும்போது இடது பக்கம் ஒரு மினுக்கல். கோணல்மாணலா ஒரு வளையம் மெல்லப் பெருசாகுது. முன்னாடி போற பஸ்ஸோட போர்டுல பாதி எழுத்து காணோம். விரல் நுனி மரத்து, அது உதடு வரைக்கும் ஏறிச்சு. பக்கவாதம்னே நினைச்சு எமர்ஜென்ஸிக்கு ஓடினேன். முதல் தடவை இப்படி வந்தா ஓடத்தான் வேணும், அதுல தயக்கமே கூடாது.

பரிசோதிச்சுட்டு, இது ஒற்றைத் தலைவலியோட 'ஆரா'ன்னாங்க. மெல்ல மெல்லப் பரவும். பொதுவா 5 நிமிஷத்துலேர்ந்து 60 நிமிஷம் வரை இருக்கும். வந்த வலியை நிறுத்தற சுமட்ரிப்டான் மாத்திரையை எழுதிக் கொடுத்து, மினுக்கல் தெரியும்போது வேண்டாம், வலி தொடங்கினதும் தாமதிக்காம போடுங்கன்னு சொன்னாங்க. இதய நோய் இருக்கறவங்களுக்கு இந்த மருந்து கூடாதுங்கறதால இசிஜி பார்த்துட்டுத்தான் கொடுத்தாங்க. எங்க தெரு மெடிக்கல்ல அது இருக்காது, ஆர்டர் சொல்லித்தான் வாங்கறேன். வலி வந்தப்புறம் தேடி அலைய முடியாது, அதனால பர்ஸ்ல ஒரு அட்டை எப்பவும் இருக்கும்.

மதுரை, இல்லத்தரசி:

தம்பி சொன்ன மினுக்கல் எனக்கும் உண்டு. பெண்கள் இதைக் கட்டாயம் படிங்க. பிசிஓடிக்குன்னு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக்குன்னு, ஈஸ்ட்ரோஜன் கலந்த ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தேன். கருத்தடைக்கும் அதே வகை மாத்திரைதான். நரம்பியல் டாக்டர் சீட்டைப் பார்த்ததும் அதை நிறுத்தச் சொல்லி, மகப்பேறு டாக்டருக்கு லெட்டர் கொடுத்தாங்க. ஆரா வர்ற பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ரெண்டு டாக்டர்கிட்டயும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தானாத் தெரியாது.

எங்க வீட்ல பெரிய தடை வேற. அமிட்ரிப்டிலினை நாத்தனார் போன்ல தேடிப் பார்த்துட்டு "இது மனநோய் மாத்திரை, விட்டுடு"ன்னாங்க. டொபிரமேட்டைப் பார்த்து "வலிப்புக்குக் கொடுக்கறது"ன்னாங்க. உண்மைதான், அதுக்கும் கொடுக்கறாங்க. ஒற்றைத் தலைவலி வராம தடுக்கவும் அதே மருந்துதான். அத்தை சுக்கு உரசிப் பத்து போடுவாங்க, நெத்திக்கு இதமா இருக்கும், அதை நான் வேண்டாம்னதே இல்ல. ஆனா மாத்திரையை விடல. 2019-ஆம் ஆண்டு உலக நோய்ச்சுமைக் கணக்குல, இளம்பெண்களை முடக்கற நோய்கள்ல ஒற்றைத் தலைவலிதான் முதல் இடம். இதைப் போய் "பொம்பளைங்களுக்கு வர்ற சாதாரணத் தலைவலி"ன்னு ஒதுக்கறது எவ்வளவு பெரிய அநியாயம்!

திருப்பூர்:

மதுரை அக்கா, எங்க ஊட்லயும் அதே பேச்சுதாங்க. மாத்திரையோட பலன் தெரிய ஒன்றரை, ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்ததாலதான் நான் தாக்குப் பிடிச்சேன். வாய் உலரும், காலையில கண்ணு சொருகும். சீக்கிரமே போட்டுட்டுப் படுத்தா பரவாயில்ல. இப்பவும் வலி வருது. ஆனா வேலை முடியற வரைக்கும் நிக்க முடியுது.

புதுசாப் போறவங்க மாதக் காலண்டரைக் கையோட கொண்டு போங்க. நான் வலிச்ச நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி, மாதவிடாய்க்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். ஓபி கூட்டத்துல நமக்குக் கிடைக்கறது கொஞ்ச நேரம்தான், வாயால சொல்றதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிடுவாங்க. நரம்பியல் ஓபி எல்லாக் கிழமையும் இருக்காதுங்க. முந்தின நாளே விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.