மிருதங்கம் பழகும் பையனுக்கு மெட்ரோனோம்: குரு வேண்டாம் என்கிறாரே?

ஈசூன்வாசி:
பையன் உயர்நிலை 1. வாரம் ஒரு மணி நேரம்தான் வகுப்பு, மற்ற 6 நாளும் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் தனியாகச் சாதகம். ஆதி தாளப் பாடங்கள் (8 அடிச் சுற்று) மூன்றாம் காலத்தில் (அடிக்கு 4 சொல்) ஓடுகின்றன, தாளத்தை முந்திவிடுகிறான். கைப்பேசியில் மெட்ரோனோம் (சீராக டிக் டிக் என்று அடி காட்டும் செயலி) வைக்கலாமா? "கையால் தாளம் போட்டு வாயால் சொல்லு, அது போதும்" என்கிறார் குரு.

கணக்குப்பிள்ளை:
தாராளமாக வைக்கலாம். தான் ஓடுவது வாசிப்பவன் காதுக்கே பிடிபடாது. நிமிடத்துக்கு 60 அடி என்றால் மூன்றாம் காலத்தில் விநாடிக்கு 4 சொல். 'தரிகிட'வில் 'கிட' வரும்போதுதான் பெரும்பாலும் விரல் முந்தும். 40-இல் தொடங்குங்கள். அங்கே சுத்தமாக வந்தபிறகு நாலு நாலாக ஏற்றுங்கள்.

சொற்கட்டு:
குருவைச் சும்மா தள்ளாதீங்க. ஆதி தாளத்தில் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்துக்கு (சுற்றின் முதல் அடிக்கு) ஒன்றரை அட்சரம் (அடி) தள்ளி வரும் உருப்படிகள் எத்தனை! சமத்தில் தொடங்கும் இரண்டு ஆவர்த்தனக் (சுற்று) கோர்வை, அதாவது எடுப்பில் போய் முடியும் சொற்கணக்கு, அங்கே 64 மாத்திரையில் (அடிக்கு 4) முடியாது, 6 சேர்த்து 70. கையில் லகு, துருதம் (தாளத்தின் அங்கங்கள்) போட்டுச் சொன்னவனுக்குத்தான் அந்த 6 எங்கே விழுகிறது என்று தெரியும். டிக் டிக் கேட்டுப் பழகியவன் அதற்குக் காத்திருப்பான், பாட்டைக் கேட்க மாட்டான்.

கணக்குப்பிள்ளை:
கோர்வைக்கு இன்னும் நாள் இருக்கு சார். கேட்டது ஓட்டத்தைப் பற்றி.

தொப்பிப்பக்கம்:
ரெண்டு பேரும் வாத்தியத்தைப் பார்க்கவே இல்லை. ஏர்கான் அறையில் சாதகமா? தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) ஒட்டும் ரவை சீக்கிரம் காயும். காய்ந்தால் 'தொம்' கனக்காது, பையன் இடது கையை ஓங்கி அடிப்பான், தோள் இறுகும், மூன்றாம் காலம் குலையும். ரவையைக் கெட்டியாகப் பிசைந்து வையுங்கள். தண்ணி அதிகமானால் வழுக்கிக்கொண்டு வரும், நாதமும் செத்துப்போகும். ஏர்கானை நிறுத்திவிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், பாதி ஓட்டம் அங்கேயே தெரியும்.

சொற்கட்டு:
அது நல்ல யோசனை. அப்படியும் ஓடினால், 8 அடிச் சுற்று வைத்து மற்ற 7 அடியையும் ஊமையாக்குங்கள், சமம் மட்டும் ஒலிக்கட்டும். 60-இல் 8 விநாடிக்கு ஒரு சத்தம். நடுவில் தாளம் அவன் கையிலேயே இருக்கும், முந்திவிட்டானா என்று சமத்தில் தெரிந்துவிடும். குருவிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்போ மெட்ரோனோம்தானே அது!

சொற்கட்டு:
இருக்கட்டும், வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.