16 மணி நேரம் என்பது எத்தனை மணி நேரம்? மாணவர் வேலையில் நாம் தடுக்கி விழுந்த சொற்கள்

தொடக்கப் பதிவு: நூலகத்தில் வேலை பார்த்தவன்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்து சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, விடுதிக்குப் பக்கத்தில் நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்பது. இரண்டாவது, படித்துக்கொண்டே வேலை பார்க்கலாமா என்பது. தோசைக்கு ஒரு வரியில் வழி சொல்லிவிடுவேன். வேலைக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. விதிகள் அரைப்பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் அவற்றில் வருகிற ‘வாரம்’, ‘பருவம்’, ‘விடுமுறை’, ‘மாணவர்’ முதலிய சொற்களை நாம் வீட்டில் பேசுகிற பொருளிலேயே எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறோம். நான் மாட்டிக்கொண்ட கதையை முதலில் சொல்கிறேன். நீங்கள் எந்தச் சொல்லில் தடுக்கினீர்கள் என்று தொடர்ந்து எழுதுங்கள்.

மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையத்தில் முழுநேரமாகப் பதிவு செய்து படிக்கும் வெளிநாட்டு மாணவர், செல்லுபடியாகும் மாணவர் அனுமதி அட்டை வைத்திருந்தால், தனியாக வேலை அனுமதி எதுவும் பெறாமலேயே பருவ காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். கல்வி விடுமுறையில் அந்த உச்சவரம்பு கிடையாது. ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களும் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டாம் ஆண்டில் நூலகத்தில் வாரத்துக்கு 10 மணி நேரம் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதே சமயம் ஒரு பேராசிரியர், லிட்டில் இந்தியாவில் எடுத்த தமிழ் நேர்காணல்களைக் கேட்டு எழுதித்தர ஆள் தேடினார். அதற்கு 8 மணி நேரம். ஒன்றுக்குப் பத்து, இன்னொன்றுக்கு எட்டு, இரண்டுமே பதினாறுக்குக் கீழ்தானே என்று நிம்மதியாக இரண்டு வேலைநேரப் பதிவுகளையும் வெள்ளிக்கிழமை சமர்ப்பித்தேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்து அக்கா அழைத்தார். நான் போனபோது இரண்டு தாள்களையும் அச்சிட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் மொத்தத்தைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

“தம்பி, உங்களுக்கு எத்தனை முதலாளி என்று சட்டம் கேட்கவில்லை. நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறது” என்றார்.

அதுவரை 16 என்பது வேலைக்கு உரிய கணக்கு என்று நினைத்திருந்தேன். அது ஆளுக்கு உரிய கணக்கு என்பது அன்றுதான் உறைத்தது. வளாகத்துக்கு உள்ளே, வெளியே, நூலகம், ஆய்வகம், காப்பிக்கடை எல்லாம் ஒரே கூடையில் விழும். நான் செய்தது விதிமீறல்தான் என்பதை அவர் மழுப்பவில்லை. துறைக்கு எழுத்தில் தெரியப்படுத்தினார். பேராசிரியரின் வேலை அந்த நாளிலிருந்து 6 மணி நேரமாகக் குறைந்தது.

அடுத்த தடுக்கல் அதே பருவத்திலேயே வந்தது. பருவத்தின் நடுவில் வகுப்பு இல்லாத இடைவேளை வாரம் ஒன்று வரும். வகுப்பு இல்லை என்றால் விடுமுறை என்று முடிவு செய்து, அந்த வாரம் முப்பது மணி நேரம் வரத் தயார் என்று நூலகத்துக்கு எழுதினேன். இந்த முறை முன்கூட்டியே கேட்டது என் நல்ல காலம். இடைவேளை வாரம், தேர்வுக்குப் படிக்கும் வாரம், தேர்வு வாரங்கள் ஆகிய மூன்றும் கல்வி நாட்காட்டியில் பருவத்துக்குள் அடங்கும் என்று எங்கள் மாணவர் பணிப் பிரிவிலிருந்து பதில் வந்தது. தூங்கி எழுவதற்கு வகுப்பு இல்லாத வாரம் விடுமுறையாக இருக்கலாம். வேலைக்கு, நாட்காட்டி விடுமுறை என்று சொன்னால்தான் விடுமுறை.

பதில்: உள்ளூர் மாணவி, மூன்றாம் ஆண்டு

நான் சிங்கப்பூர்க் குடிமகள் என்பதால் இந்த 16 மணி நேர வரம்பு என்னைத் தொடவில்லை. என்னைத் தடுக்கிவிட்டது மத்திய சேம நிதி, அதாவது ஊழியரும் முதலாளியும் ஆளுக்கொரு பங்கு செலுத்தும் கட்டாயச் சேமிப்பு.

முதல் மாதம் 48 மணி நேரம் வேலை, மணிக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கையில் வந்தது முழுசாக 480 வெள்ளி. அடுத்த மாதம் ஆள் குறைவாக இருந்ததால் 62 மணி நேரம் போனேன். 620 வெள்ளி எதிர்பார்த்தேன்; வந்தது 548. அலுவலகம் தவறு செய்துவிட்டது என்று அம்மாவிடம் புலம்பினேன். அப்பாதான் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார்.

மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டி 500 வெள்ளி வரை இருந்தால் முதலாளி மட்டுமே மத்திய சேம நிதி செலுத்துவார். நம் பங்கு எதுவும் இல்லை. 500-க்கு மேல் 750 வரை நம் பங்கு படிப்படியாகத் தொடங்கும்; 500-ஐத் தாண்டிய தொகையில் நூற்றுக்கு அறுபது. எனக்கு 120 வெள்ளி கூடுதல், அதில் 72 வெள்ளி பிடித்தம். 750-ஐத் தாண்டினால்தான், 55 வயது வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும் முழு விகிதம், அதாவது நம்மிடமிருந்து 20 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 17 விழுக்காடும் வரும். இரண்டு மாதத்திலும் முதலாளியின் 17 விழுக்காடு என் கணக்கில் சேர்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. 480 வெள்ளிக்கு 82, 620 வெள்ளிக்கு 105.

என்னோடு அதே முகப்பில் நின்ற சென்னைத் தோழிக்கு 620 வெள்ளியும் கைக்கு வந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மத்திய சேம நிதி இல்லை. அவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்குப் பிடித்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்த 105 வெள்ளியை இழந்தவள் அவள்தான்.

பதில்: ஆய்வு மாணவன்

என் சொல் ‘உதவித்தொகை’. மாதம் தவறாமல் வங்கிக்கு வருவதால் ஊரில் எல்லோரிடமும் சம்பளம் என்றே சொல்லிவந்தேன். முழுநேரக் கல்விக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை, மத்திய சேம நிதியும் இல்லை. அது வேலை ஒப்பந்தமும் ஆகாது. எங்கள் துறையில் உதவித்தொகை பெறுபவர் குறிப்பிட்ட அளவு வகுப்பு உதவி செய்தாக வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கிடையாது. நான் அந்த மணி நேரங்களுக்கும் வேலைநேரப் பதிவு நிரப்பி அனுப்பி, அலுவலகத்தைச் சிரிக்க வைத்தேன். அதற்கு மேல் விடைத்தாள் திருத்துவது போன்ற ஊதிய வேலை எடுப்பதானால் மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும். என் மேற்பார்வையாளர் ஒப்புதல் தருவார், ஆனால் தருவதற்கு முன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் என்ன ஆயிற்று என்று கேட்பார். அது விதியில் இல்லை.

பதில்: தேக்காவுக்கு அருகில் வசிப்பவர்

‘மாணவர்’ என்ற சொல்லைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் விலை அதிகம். என்னோடு அறையில் தங்கியிருந்தவர் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படித்தார். அவரிடமும் மாணவர் அனுமதி அட்டை இருந்தது, என்னிடமும் இருந்தது. தீபாவளிக் கூட்டத்துக்கு ஓர் உணவகத்தில் ஆள் வேண்டும், மாலை நேரம் மட்டும், கையில் காசு என்று சொன்னார்கள். இருவரும் கிளம்பினோம். வழியில் அமைச்சின் இணையப்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது அவருடைய கல்வி நிலையம் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் படிப்பவர் பருவத்திலும் வேலை பார்க்க முடியாது, விடுமுறையிலும் முடியாது. 16 என்பது அவருக்குப் பூச்சியம். அனுமதியின்றி வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு வைத்தவருக்குத் தண்டனை தனி.

சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரத்தின் கீழே நின்றுகொண்டு இதைப் படித்துச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அன்று போகவில்லை. கையில் காசு, சீட்டு எதுவும் இல்லை என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

பதில்: விரிவுரை அரங்க உதவியாளராக இருந்தவள்

சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. பகுதிநேர மாணவர் வேலைக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது என்று பலர் நம்புகிறார்கள். வேலை ஒப்பந்தத்தின்கீழ் இருந்தால் பொருந்தும். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவான ஒப்பந்தம் என்றால் நாம் பகுதிநேர ஊழியர், அவ்வளவுதான் வேறுபாடு. 2016 ஏப்ரல் 1 முதல் முதலாளி நமக்குச் சம்பளச் சீட்டும், வேலையின் முக்கிய விதிமுறைகளை எழுத்திலும் தர வேண்டும். தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ வேலை இருப்பவருக்கு, வேலை தொடங்கிய 14 நாளுக்குள் அந்த எழுத்து வந்துவிட வேண்டும். சம்பளம், சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் வர வேண்டும்.

எனக்கு அந்தத் தாள் கைகொடுத்த நாள் ஒன்று உண்டு. அரங்கத்தில் கம்பியில்லா ஒலிவாங்கியை மேடையிலிருந்து எடுத்து வரும்போது கை நழுவிப் படியில் விழுந்தது. மூடி ஒரு பக்கம், மின்கலம் ஒரு பக்கம். மாற்று ஒலிவாங்கியின் விலை 450 வெள்ளி, அந்த மாதம் என் சம்பளம் 300. முழுச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கடையில் பொருள் உடைந்தால் உடைத்தவர் கொடுப்பது இயல்புதானே என்று எண்ணினார்.

விதிமுறைத் தாளில் ‘பிடித்தங்கள்’ என்ற பகுதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சட்டத்தைத் தேடிப் படித்தேன். சேதத்துக்காகப் பிடிப்பதற்கு முன் ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஊழியரின் தவறால் சேதம் நேர்ந்திருக்க வேண்டும். பிடித்தம் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதுவும் ஒரே தடவை. என் கணக்கில் அது 75 வெள்ளி. மின்னஞ்சலில் சண்டை போடாமல், எப்போது விளக்கம் தரலாம் என்று மட்டும் கேட்டேன். விளக்கம் கேட்டார்கள், என் கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொண்டேன், 75 வெள்ளி பிடித்தார்கள். நியாயமாகவே பட்டது.

அதே தாளில் இன்னொன்றும் இருந்தது. பொது விடுமுறைக்குப் பகுதிநேர ஊழியருக்கும் மணி நேர விகிதப்படி ஊதியம் உண்டு. தீபாவளிக்கு எனக்கு ஏன் பணம் வந்தது என்று நான் கேட்டபோது எங்கள் எழுத்தர் அண்ணன், “கேட்காமல் வாங்கிக்கொள், தங்கச்சி” என்றார்.

பதில்: வேலைப்பயிற்சிக்குப் போனவர்

சுருக்கமாக ஒன்று. பட்டம் பெறுவதற்குத் தேவையான, பாடத்திட்டத்தில் உள்ள வேலைப்பயிற்சிக்கு அந்த 16 மணி நேரக் கணக்கு இல்லை. நாமாகத் தேடிக்கொண்ட, பாடத்திட்டத்தில் சேராத பயிற்சிக்குப் பருவ காலத்தில் உண்டு. இரண்டும் ஒரே நிறுவனத்தில், ஒரே நாற்காலியில் நடக்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு சொல்வதை மட்டும் நம்பி நான் மூன்று வாரம் தூக்கம் கெட்டேன்.

பதில்: தொடக்கப் பதிவு எழுதியவன்

மேலே யாரும் தொடாத ஒன்று மிச்சம் இருக்கிறது, எனக்கு நேர்ந்த கடைசித் தடுக்கல் அது. இறுதிப் பருவத்தின் கடைசித் தேர்வை மே மாதம் எழுதி முடித்தேன். பட்டமளிப்பு ஜூலையில். நடுவில் இரண்டு மாதம். நூலகத்தில் கோடைக்கு ஆள் வேண்டும், முழுநேரம் வாருங்கள் என்றார்கள். விடுமுறையில் உச்சவரம்பு இல்லை என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே, சரி என்று சொல்லிவிட்டேன்.

பென்சிலால் வட்டமிட்ட அதே அக்கா மறுபடியும் கூப்பிட்டார். விடுமுறை என்றால் ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையே வருவது. திரும்பி வர அடுத்த பருவம் இல்லாதவருக்கு விடுமுறை ஏது என்று கேட்டார். படிப்பு முடிந்ததும் மாணவர் என்ற தகுதி போகிறது, அதோடு சேர்ந்து வேலை பார்க்கும் சலுகையும் போகிறது. பட்டதாரிகள் இங்கேயே தங்கி வேலை தேட, குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் ஓராண்டு வரை நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது வேலை தேடுவதற்கான அட்டை, வேலை பார்ப்பதற்கான அனுமதி அன்று.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய் வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பாதி அடுக்கி வைத்திருந்த தள்ளுவண்டி மூன்றாம் மாடியில் அப்படியே நின்றது. முடித்துவிட்டுப் போகட்டுமா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்திருந்த முதலாண்டுப் பையன் ஒருவன் என் கையிலிருந்து அதை வாங்கித் தள்ளிக்கொண்டு போனான்.