புதுப்பிப்பு: வலிப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டேன்

இரண்டாவது முறை வலிப்பு வந்து, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனையில் கால்-கை வலிப்பு என்று உறுதியானபோது, மாத்திரை என் குணத்தையே மாற்றிவிடுமோ என்ற பயத்தில் அட்டையைப் பிரிக்காமலே வைத்திருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அந்தப் பயத்தை அப்படியே நரம்பியல் மருத்துவரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, லெவெட்டிராசெட்டம் என்ற அந்த வலிப்பு மாத்திரையை 250 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும் தொடங்கி, உடல் பழகிய பிறகு அளவைக் கூட்டலாம் என்றார். எரிச்சலும் மனச்சோர்வும் சிலருக்கு வரக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லி, வீட்டில் இருப்பவர்களையும் கவனித்துக்கொள்ளச் சொன்னார். எனக்குத் தைரியம் தந்தது அந்த ஒளிவுமறைவற்ற பேச்சுதான்.

முதல் வாரங்களில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. காபி ஆறிவிட்டது என்பதற்கெல்லாம் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். இது மாத்திரையின் வேலையாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல் என்று அம்மாதான் நினைவூட்டினார். சொன்னதும், அளவைக் கூட்டுவதை மருத்துவர் தள்ளிவைத்தார். இப்போது அந்தச் சிடுசிடுப்பு பெரிதும் தணிந்திருக்கிறது.

முறையான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கவிளைவுக்குப் பயந்து மாத்திரையை நாமாகத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதால், தயங்கி நிற்பவர்கள் எதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். என் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பது அடுத்த சந்திப்பில் முடிவாகும்.