கிளிப்பிங் = நுனிவெட்டு? ஏற்காட்டு அன்பரின் ஆம்ப்ளிஃபயர் கேள்வியை ஒட்டி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டு அன்பர் தம் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் பொருந்தும் என்று கேட்டிருந்தார். கேள்வி அப்படியே நிற்க, நாம் கிளிப்பிங்குக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை எட்டியதும் ஒலியலையின் நுனி தட்டையாகிவிடுவதற்கு, தமிழ் தேடக் கிளம்பிவிட்டோம். அதனால் குற்றமில்லை. கிளிப்பிங் விளங்காமல் வாட் கணக்கைப் போடவே முடியாது.

அவருடைய ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் தருவது. அதே தொலைவில் சராசரியாக 80 டெசிபெல் அளவில் கேட்கக் கால் வாட் போதும். ஆனால் அவர் விரும்பிக் கேட்பது நாகசுரம். கூடவே வரும் தவிலின் ஓர் அடி, சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எழும்பினால் அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு ஆற்றல், அதாவது 25 வாட் வேண்டும். 10 வாட் ஆம்ப்ளிஃபயரின் மின்னழுத்தம் அவ்வளவு உயரம் போகாது. எட்டிய மட்டத்தில் அலை தட்டையாகிவிடும். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

கிளிப்பிங்குக்குத் “துண்டிப்பு” என்ற சொல் வேண்டாம். மின்துண்டிப்பு என்று நாளிதழில் படித்துப் பழகியவர் ஒலியே நின்றுபோனதாக எண்ணுவார். “உருக்குலைவு” எல்லாத் திரிபுகளுக்கும் பொது. சேலத்தில் மைக் செட் கட்டுகிறவர்கள் “கிழிகிறது” என்கிறார்கள். காதில் விழுவதை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்தாலும் அதே சொல்தான். கோளாறு ஆம்ப்ளிஃபயரிலா ஸ்பீக்கரிலா என்று பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அது கைகொடுக்காது.

“முகடுவெட்டு” நல்ல சொல். அலையின் மேல்நுனிக்கு முகடும் கீழ்நுனிக்கு அகடும் பாடநூல் தந்தவை. ஆயினும் வெட்டு அகட்டிலும் விழுகிறது. சில ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு வெட்டுப்படும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் “நுனிவெட்டு” என்பதை முன்வைக்கிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. வால்வு என்னும் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் நுனி மெல்ல உருண்டு மழுங்கும்; டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் சட்டென்று தட்டையாகும். முன்னதை “நுனிமழுங்கல்” என்று தனியே குறிக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்றல்ல என்பதால் இந்தப் பிரிவு அவசியம் என்றே நினைக்கிறேன்.

அன்பர் “நுனிகிள்ளல்” என்று எழுதியிருந்தார். காப்பித் தோட்டத்துக்காரர் அல்லவா! செடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். அலையின் நுனி போனாலும் அப்படித்தான், மூலத்தில் இல்லாத மேல் அதிர்வெண்கள் கிளைக்கின்றன. கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் சூடேறிக் கருகுவதற்கு அவையும் ஒரு காரணம். உவமையை மிகவும் ரசித்தேன். ஆனாலும் கிள்ளுவது பயன் கருதிச் செய்வது. இது வேண்டாமல் நேர்வது. “வெட்டு” என்றால் “அலை வெட்டுப்பட்டது” என்று வினையாகவும் இயல்பாக எழுத முடிகிறது.

இனி வாட் கணக்கு. மாலை நேரத்தில் தம் வீட்டில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்குவதாக எழுதியிருக்கிறார். மின்வழங்கி சீராக்கப்படாத, அதாவது வீட்டு மின்னழுத்தம் இறங்கினால் உள்ளேயும் இறங்கிவிடும் ஆம்ப்ளிஃபயராக இருந்தால், 230 வோல்ட்டில் தரும் உச்ச ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் அப்போது கிடைக்கும். நுனிவெட்டு அந்த அளவுக்கு முன்னதாகவே தொடங்கிவிடும். ஆகவே 25 வாட் என்று கணக்குப் பார்த்து வாங்கினால் தவில் அடிக்குத் தாங்காது. 8 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் தருவதாக இருந்தால், மின்னழுத்தம் குறைந்தபோதும் சற்று மீதம் நிற்கும்.

அந்த மீதத்தை, ஹெட்ரூமை, “எழுவெளி” எனலாமா? ஊறுகாய், சுடுசோறு வரிசையில் வினைத்தொகை. அலை எழுவதற்கான வெளி. இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்பர் ஸ்பீக்கரின் பின்புறம் 4 ஓமா 8 ஓமா என்று பார்த்து எழுத வேண்டும். 4 ஓம் என்றால் அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு மின்னோட்டம் பாயும். அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே குறித்துள்ள ஆம்ப்ளிஃபயரை மட்டும்தான் நாம் பரிந்துரைக்கலாம்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து