எழுத்து ஒப்பந்தம் இல்லாத வீடு, திடீர் வாடகை உயர்வு: உங்கள் அனுபவம் என்ன?

நங்கநல்லூரிலிருந்து, வாடகைதாரர்:

2014 முதல் வாய்ப்பேச்சை மட்டுமே நம்பி ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தோம். சித்திரை பிறந்தால் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுப்பது வழக்கம். வீட்டுக்காரர் ஐயா காலமானதும் பொறுப்பேற்ற அவருடைய மகன், பக்கத்தில் எழும்பிய புது அடுக்ககத்தின் வாடகையைச் சுட்டிக்காட்டி, 12,000 ரூபாயை அடுத்த மாதமே 18,000 ஆக்க வேண்டும், இயலாவிட்டால் காலி செய்து கொடுங்கள் என்றார்.

இத்தனை ஆண்டு குடியிருந்ததே எங்களுக்குப் பாதுகாப்பு என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். வழக்கறிஞர் சொன்னதோ வேறு. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வாடகையை உயர்த்துவதும் அந்த ஒப்பந்தத்தின்படியே நடக்க வேண்டும். எங்களைப் போல முன்பிருந்தே குடியிருப்பவர்கள் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், வீட்டைக் காலி செய்யக் கோருவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே அச்சம் ஏற்பட்டது. பத்திரம் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்வதைப் பலர் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வாடகைதாரரை நிராதரவாக விடும் ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், வங்கி வழியாக வாடகை செலுத்திய விவரங்களை எடுத்துச் சென்று பேசினோம். 14,500 ரூபாய் வாடகை, ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு உயர்வு என்று முடிவாகி, எழுதிப் பதிவும் செய்துவிட்டோம். வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருப்பதால், மிகுதித் தொகையைத் தவணைகளில் திருப்பித் தர அவர் இசைந்திருக்கிறார்.

மதுரையிலிருந்து, வீட்டு உரிமையாளர்:

எங்கள் தரப்பையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 2022-இல் சொத்து வரி கூடியபோது, மேல் மாடியில் குடியிருப்பவரிடம் ஆயிரம் ரூபாய் உயர்த்தித் தரக் கேட்டேன். அப்படிப் பேசவே இல்லை என்று அவர் மறுத்தார்; பேசியதைக் காட்ட என்னிடமும் எழுத்து இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு அந்த ஆயிரம் ரூபாய் சிறிய தொகை அன்று. இப்போது உயர்வு எந்த மாதம், எவ்வளவு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

கோவையிலிருந்து:

கேட்ட உயர்வைத் தர மறுத்ததற்காக, தனியே வசிக்கும் என் அத்தையின் வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. பாதிக்கப்பட்டவர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரே அப்பொறுப்பில் இருப்பார். மனு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்ன அன்று மாலையே மோட்டார் ஓடியது. வாடகை எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை.