மறு: ‘சேவ் ஸ்டேட்’, ‘செக்பாயிண்ட்’, ‘சேவ் பாயிண்ட்’: மூன்றுக்கும் ‘சேமி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி ஐயா எழுதியிருந்தது:

> சேமி, சேமிப்பு, சேமிப்பிடம் எல்லாம் மென்பொருளில் பழகிப்போன சொற்கள். விளையாட்டுக்கென்று தனிச்சொல் எதற்கு? புதுச்சொல் கூடக்கூடப் பயன்படுத்துகிறவர்கள் குறைவார்கள்.

ஐயா, கோப்பைச் சேமிப்பதற்கு ‘சேமி’ நல்ல சொல், அதை யாரும் அசைக்க வேண்டாம். ஆனால் நாம் தமிழாக்கிக்கொண்டிருக்கும் எமுலேட்டர் (பழைய கேம் கருவியைப் போலவே நடந்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்) மெனுவில் அந்த ஒரு சொல்லே மூன்று வேலை பார்க்கிறது. அதனால் விளையாடுகிறவர்களுக்கு உண்மையிலேயே நட்டம் வருகிறது. தருமபுரியில் நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பது குழுவில் பலருக்குத் தெரியும். பழைய கேம்களை ஓட்டும் சின்னக் கையடக்கக் கருவிகளும் இப்போது கடைக்கு வருகின்றன. நம் சோதனைப் பதிப்பைப் பாலக்கோட்டு மாணவர் ஒருவரின் கருவியில் போட்டுக் கொடுத்திருந்தேன். கேமுக்குள்ளேயே முறையாகச் சேமித்துக்கொண்டு பல நாள் ஆடியிருக்கிறார். ஒருநாள் மெனுவில் ‘சேமிப்பை ஏற்று’ என்று இருந்ததை அழுத்தியிருக்கிறார். கடைசியாகச் சேமித்த இடம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்ததோ என்றைக்கோ எடுத்து வைத்த பழைய சேவ் ஸ்டேட், அதாவது அன்றைய நொடியில் ஆட்டம் இருந்த நிலையின் படி. அதோடு கேமுக்குள் இருந்த சேமிப்பும் பழையதாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று சொன்னால்தான் சொல்லின் தேவை புரியும். 1989இல் கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவி வந்தபோது, ஆட்டத்தை நினைவில் வைக்கும் வசதி கருவிக்குள் இல்லை. வேண்டுமென்றால் கேமை அடக்கிச் செருகும் காட்ரிட்ஜ்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் கேம்பாயோடு சேர்த்தே விற்ற டெட்ரிஸில் அதுகூடக் கிடையாது. சுவிட்சை அணைத்தால் அதிகபட்ச ஸ்கோரும் அழிந்துவிடும். 1996இல் வந்த போகிமான் மாதிரியான பெரிய கேம்களில் காட்ரிட்ஜுக்குள் ஒரு நினைவகச் சில்லும், அது மறந்துவிடாமல் இருக்க நாணயம் போன்ற ஒரு லித்தியம் செல்லும் இருந்தன. செல் தீர்ந்தால் சேமிப்பும் போய்விடும். அந்தச் செல்லைப் பற்றுவைத்துத்தான் பொருத்தியிருப்பார்கள், நெம்பி எடுக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று யாராவது காட்ரிட்ஜைக் கொடுத்தால் நான் முதலில் மல்டிமீட்டர் வைத்துச் செல்லைத்தான் பார்ப்பேன்.

எமுலேட்டர் அந்தச் சில்லின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக வைத்துக்கொள்கிறது. கேமுக்குள் நாம் சேமிப்பது அங்கே போகிறது. சேவ் ஸ்டேட் வேறு. அந்த நொடியில் கருவியின் மொத்த நினைவகம், செயலியின் பதிவகங்கள், திரை, ஒலி என்று எல்லாவற்றையும் அப்படியே படியெடுக்கிறது. காட்ரிட்ஜின் சேமிப்புச் சில்லும் அந்தப் படிக்குள் அடக்கம். அதனால் பழைய ஸ்டேட்டை ஏற்றினால் பழைய சேமிப்பும் கூடவே திரும்பி வந்து, புதியதன் மேல் எழுதிவிடுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும் மெனு, விளையாடுகிறவரைத் தவறான பொத்தானுக்கு அனுப்புகிறது.

ஆகவே ‘சேவ் ஸ்டேட்’டுக்கு என் முன்மொழிவு: நிலைப்பதிவு. வினையாக ‘நிலையைப் பதி’, ‘பதிந்த நிலைக்குத் திரும்பு’. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ‘திரும்பு’ என்று படிக்கும்போதே, பின்னால் போகப்போகிறோம், நடுவில் ஆடியது போய்விடும் என்று தெரிந்துவிடுகிறது. ‘ஏற்று’ அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை.

குழுவில் வந்த மற்ற இரண்டு சொற்களையும் பார்த்தேன். ‘உறைநிலை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளி அறிவியலில் அது தண்ணீர் பனிக்கட்டியாகும் வெப்பநிலை. அங்கே அது நன்றாக வேர்விட்டுவிட்டது. ‘கணப்பதிவு’ இன்னும் சிக்கல். பள்ளியில் கணங்களைப் படித்துவிட்டு வரும் பையனுக்குக் கணம் என்றால் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வரும், நொடி வராது.

அடுத்தது செக்பாயிண்ட். ஓசூர்த் தம்பி எழுதியிருந்தது:

> செக்பாயிண்டும் சேவும் ஒன்றுதானே அண்ணா? எதற்கு இரண்டு சொல்?

ஒன்றில்லை தம்பி. டிவியில் செருகி ஆடிய கேசட் கேம் உனக்கும் நினைவிருக்கும். 1985இன் சூப்பர் மேரியோவில் ஒரு கட்டத்தின் பாதியைத் தாண்டி இறந்தால், பெரும்பாலான கட்டங்களில் பாதியிலிருந்தே மறுபடி தொடங்கலாம். அது செக்பாயிண்ட். ஆனால் அந்த கேமில் சேமிப்பு என்பதே இல்லை. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். போகிமானில் இதற்கு நேர்மாறு: மெனுவைத் திறந்து ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். ஆனால் உன் போகிமான்கள் அத்தனையும் மயங்கி விழுந்தால், கடைசியாகச் சிகிச்சை எடுத்த இடத்துக்குத்தான் திரும்புவாய். சேமித்த இடம் ஒன்று, மீளும் இடம் வேறொன்று. ஆகவே இதற்கு மீளிடம் என்று வைக்கலாம். தோற்றபின் எங்கிருந்து மீள்கிறோமோ அந்த இடம். முதல் வரைவில் யாரோ ‘சோதனைச்சாவடி’ என்று போட்டிருந்ததை உடனே எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கத்தில் அதைப் படிப்பவருக்கு ஓசூர் எல்லையில் உள்ள ஜூஜூவாடியும், வரிசையில் நிற்கும் லாரிகளும்தான் தோன்றும்.

மூன்றாவது, சேவ் பாயிண்ட். என் மனம் அதிகம் தங்கியது இங்கேதான். சில கேம்கள் நினைத்த இடத்தில் சேமிக்க விடுவதில்லை, அதற்கென்று குறித்த இடத்துக்கு நடந்து போக வேண்டும். 1996இன் ரெசிடென்ட் ஈவிலில் தட்டச்சுப்பொறி இருக்கும் அறைக்குப் போக வேண்டும், கையில் மை நாடாவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நாடா செலவாகும். சேமிப்பதா, இன்னும் கொஞ்சம் தூரம் துணிவதா என்று யோசிக்கவைப்பதே அந்த ஆட்டத்தின் பயத்தில் பாதி. 2011இன் டார்க் சோல்ஸில் அணையாமல் எரியும் நெருப்பருகே உட்கார்ந்தால் உடல் தேறும், மருந்துக் குடுவை நிரம்பும், கொன்ற எதிரிகளும் எழுந்துவிடுவார்கள். இந்த இடங்களை ‘சேமிப்பிடம்’ என்றால் வங்கிக் கிளை மாதிரி ஆகிவிடுகிறது. அவை வழிநடுவே மூச்சு விடும் இடங்கள்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சொல் கிடக்கிறது: தாவளம். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றிக் குழுவில் பலர் படித்திருப்பீர்கள். நாவற்றாவளத்துக்கு எத்தனை காதம் என்று சொல்லும் பழைய மைல்கல் அது. படிக்கத் தெரியாதவர்களும் எண்ணிக்கொள்ளட்டும் என்று பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழி, ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சின்னக் குழி, ஆக 29 காதம். நாவல் என்ற பெயரோடு சேர்ந்து வரும் அந்தத் தாவளம், வழிப்போக்கு வணிகர்கள் சரக்கை இறக்கித் தங்கிய இடம். அட்டப்பாடியில் தாவளம் என்ற பெயரிலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. நெடும்பயணம், ஆபத்தான வழி, நடுவே தங்குமிடம், அடுத்ததற்கு இவ்வளவு தூரம்: இந்த கேம்களை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருப்பதும் இதைத்தான்.

வழக்கொழிந்த சொல் என்று ஐயா சொல்வீர்கள், தெரியும். விளையாடுகிற பிள்ளைகள் புதுச்சொல்லுக்கு அஞ்சுவதில்லை. கேமுக்குள் வரும் வாள், மருந்து, ஊர் என்று வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவர்களுக்குத் தாவளம் ஒரு பாரமே இல்லை.

டார்க் சோல்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாம் இறந்த இடத்தில் அதில் ஓர் அடையாளம் இருக்கும், அங்கே போய் இழந்ததை எடுத்துக்கொள்ளலாம். அதை ‘நடுகல்’ என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நம் இரண்டு மாவட்டங்களிலும் அந்தக் கற்களை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற பெயரை மெனுவில் போடக்கூடாது. ‘விழுந்த இடம்’ போதும்.

அப்புறம், ‘இதெல்லாம் பழைய கேம் பைத்தியங்களுக்கு மட்டும்’ என்று ஒரு கருத்து வந்தது. இதை நான் ஏற்கவில்லை. யார் எந்த கேமை விரும்புகிறார்கள் என்பதில் பாதி, அதை எப்போது நிறுத்த முடியும் என்பதில்தான் இருக்கிறது. ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவர் பேருந்தில் பிஜிஎம்ஐ (பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் சண்டை கேம்) ஆடினால், ஆட்டம் சர்வரில் நடக்கிறது, அவருக்காக நிற்காது. மலைப்பாதையில் சிக்னல் போனால் அந்த ரவுண்டை மறந்துவிட வேண்டியதுதான். கேண்டி கிரஷ்ஷில் ஐந்து உயிர், போன ஒவ்வொன்றும் திரும்பிவர அரைமணி நேரம். எப்போது நிறுத்துவது, எப்போது வருவது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. அதே பேருந்தில் கையடக்கக் கருவி வைத்திருப்பவர் இறங்கும் நிறுத்தம் வந்ததும் ஒரு பொத்தானை அழுத்தி நிலையைப் பதிந்துவிட்டு இறங்குகிறார். என்னிடம் கருவி வாங்க யோசனை கேட்கிறவர்களில் பலர் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்மார். படமும் வேகமும் அவர்களுக்கு இரண்டாம்பட்சம், ‘கூப்பிட்டவுடன் வைக்க முடியுமா’ என்பதுதான் முதல் கேள்வி. எனக்கும் இந்த வகைதான் உசத்தி.

புதிய கருவிகளும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ், பல கேம்களின் நிலையை ஒரே நேரத்தில் வட்டில் வைத்திருந்து, விட்ட நொடியிலிருந்து தொடர விடுகிறது. 2022இன் ஸ்டீம் டெக்கில் பவர் பொத்தானைத் தட்டினால் கேம் அப்படியே தூங்கும். நிலைப்பதிவு என்ற சொல்லுக்கு நாளைக்கு இன்னும் அதிக வேலை இருக்கும்.

‘ஆட்டோசேவ்’ சிக்கலில்லை, ‘தன்சேமிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மெனுக் கோப்பில் இந்த நான்கையும் மாற்றிவிடுகிறேன். கேமுக்குள் சேமிப்பது ‘சேமி’ என்றே இருக்கும். ஐயா, ‘பதிந்த நிலைக்குத் திரும்பு’ சிறிய திரையில் ஒரே வரியில் அடங்கவில்லை, எழுத்து வெட்டுப்படுகிறது. ‘நிலைக்குத் திரும்பு’ என்று சுருக்கினால் பொருள் குறைகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பாலக்கோட்டு மாணவரிடமும் இரண்டையும் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.