பீச்சம் மாத்திரைப் பெட்டியின் வயது: உதவி தேவை

லண்டன் பழம்பொருள் சந்தையில் போன மாதம் வாங்கிய பீச்சம் (பழைய ஆங்கிலேய மருந்து நிறுவனம்) அசீரண மாத்திரைப் பெட்டி விக்டோரியா அரசி காலத்ததா (1901 வரை) என்று முடிவுசெய்ய முடியாமல் திணறுகிறேன். சிறிய வட்டப் பெட்டி, உள்ளே காலி. ‘ஒரு பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்’ என்ற பெருமை மட்டும் அழியவில்லை. (உள்ளே இருந்தது கரியபோளம் (உலர்ந்த கற்றாழைச் சாறு), இஞ்சி, சோப்பு என்று 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் போட்டு உடைத்தது!)

பெட்டியில் உள்ள விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி, மருந்துகள் மீதான அரசு முத்திரை வரி. 1915இல் அது இரட்டிப்பானது. ஆகவே அதற்கு முந்தையது என்பது உறுதி. பழைய செய்தித்தாள் விளம்பரங்களோடு ஒப்பிட்டேன், பயனில்லை. விளம்பர வாசகம் பல ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டிய முத்திரைத் தாளில் பாதிதான் மிச்சம்.

1901க்கு முந்தைய முத்திரைத் தாளை எந்த அடையாளத்தால் பிரித்தறியலாம்?